மூச்சு கேட்கிற நாற்காலி

காது மாப்பிள்ளை என்று அவருக்குப் பெயர் வைத்தவர் மாமனார்தான். கல்யாணப் பேச்சுக்காக முதன்முதலில் அந்த வீட்டுக்கு வந்தவர், பெண்ணை நிமிர்ந்து பார்த்தாரோ இல்லையோ, பேச்சை நடுவில் நிறுத்தித் தலையைச் சாய்த்து, "உங்க ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ லூஸா இருக்கு" என்றார். மாமனார் எழுந்துபோய்ப் பார்த்தார். இருந்தது. அந்த வீட்டில் எல்லாரும் மாதக்கணக்காகக் கேட்டும் கேட்காமல் இருந்த ஒரு கிர்ர் சத்தம் ஒரே திருப்பில் அடங்கியது. பெண்ணைக் கொடுப்பது என்று தான் முடிவு செய்ததும் அந்தத் திருப்பில்தான் என்று மாமனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காதுக்காரருக்கு வேலையும் காதால்தான். ஊரின் பெரிய கடைத்தெருவில் ஒரு ஸ்பீக்கர் ஷோரூம்; அதன் பின்பக்கம் ஜன்னல் இல்லாத சின்ன டெமோ அறை; அந்த அறைக்கு அவர்தான் ராஜா. வருகிறவர்களைச் சோபாவில் உட்காரவைத்து, விளக்கைக் குறைத்து, ஒரு பாட்டைப் போடுவார். கிட்டார் மட்டும் துணைக்கு இருக்க, ஒரு பெண் நிதானமாகப் பாடுகிற பாட்டு. இரண்டாவது வரிக்கு முன்னால் அந்தப் பெண் மெதுவாக மூச்சை இழுப்பாள். மட்டமான ஸ்பீக்கரில் அது காதில் விழாது. விழும்போது, பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி வாடிக்கையாளர் திரும்பிப் பார்ப்பார். அந்த நொடியில் வியாபாரம் முடிந்தது. அந்த மூச்சைக் கண்டுபிடித்தவர் காதுக்காரர். அதைத் தன் சொத்து போலத்தான் நினைத்திருந்தார்.

மாமனாருக்கு இரண்டாவது மாப்பிள்ளையும் உண்டு. காதுக்காரரின் மனைவிக்குத் தங்கை, தங்கைக்குப் புருஷன், காதுக்காரருக்குச் சகலை. தரைக்கும் சுவருக்கும் ஓடு விற்கிற கடை வைத்திருந்ததால் டைல்ஸ் மாப்பிள்ளை. காதுக்காரர் வாயால் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். மனசுக்குள் டைல்ஸ்காரன். டைல்ஸ்காரன் வீடு பெரிசு, வண்டி பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. இதிலெல்லாம் தனக்கு வருத்தமே இல்லை என்று காதுக்காரர் சொல்வார். நாம் நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று. குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும், அது சத்தம் போடுகிற பொருளாக இருந்தால், அவரைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். மிக்ஸிகூட அவர் ஓடவிட்டுக் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குள் வரும். அந்த ஒரு மரியாதையை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார்கள்.

தங்கை வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்த மனைவி சாயங்காலம் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"தங்கச்சி வீட்டுல புதுசா ஸ்பீக்கர் வாங்கியிருக்காங்க. ரெண்டு தூண் மாதிரி நிக்குது. தரையிலிருந்து கூரை தொடுற அளவுக்கு. உள்ள பூராவும் வரிசையா குட்டிக் குட்டி ஸ்பீக்கர்."

காதுக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்கவில்லை. "லைன் அரே" என்றார். "கச்சேரி மேடையில ரெண்டு பக்கமும் தொங்கவிடுவாங்களே, அதைக் கொண்டாந்து வீட்டுல நட்டு வச்சிருக்கான்."

"யாருகிட்டயோ சொல்லிச் செஞ்சாராம்."

யாரிடமோ. அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாக இறங்கியது. அதோடு விட்டிருந்தால் போதும், அவள் விடவில்லை.

"அப்புறம் ஒண்ணு. நீங்க எப்பவும் ஒரு பாட்டு போடுவீங்கள்ல, கிட்டார் பாட்டு? அதை அங்க போட்டாங்க. நான் அடுப்பங்கரை வாசல்ல நின்னு வெள்ளரிக்காய் நறுக்கிட்டு இருந்தேன். அதுல அந்தப் பொண்ணு ரெண்டாவது வரிக்கு முன்னாடி மூச்சு இழுக்குறா. அப்படியே என் தோள்பக்கம் நிக்குற மாதிரி இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா அது?"

உங்களுக்குத் தெரியுமா! கடையில் முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் தினமும் காட்டுகிற மூச்சு. அதை அவருடைய சொந்த மனைவி, இன்னொருத்தன் வீட்டு அடுப்பங்கரை வாசலில் நின்று, வெள்ளரிக்காய் நறுக்கியபடி கண்டுபிடித்துவிட்டு வந்து அவருக்கே சொல்கிறாள். வயிறு எரிந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

அவர் வீட்டில் ஸ்பீக்கர் இல்லாமலா? முன்னறையில் இரண்டு மரப்பெட்டிகள், ஆளுக்கு ஒரு இரும்புக் கால்மேல். ஒவ்வொன்றிலும் அடிக்குரலுக்கு ஒரு கூம்பு ஸ்பீக்கர், உச்சக்குரலுக்கு ஒரு சின்னக் குமிழ் ஸ்பீக்கர். அவ்வளவுதான். மரத்தை அவரே இழைத்துப் பூசியது. இரண்டும் எதிரே உள்ள ஒரு நாற்காலியை நோக்கி லேசாகத் திரும்பி நிற்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பாடகி இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில், ஆளுயரத்தில், வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாயோடு நிற்பாள். தலையை ஒரு சாண் நகர்த்தினால் அவளும் நகர்ந்துவிடுவாள். எழுந்து நின்றால் உச்சக்குரல் மங்கும். அதனால் நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் கறுப்பு டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். மனைவி பெருக்கும்போது நாற்காலியை நகர்த்துவாள். பெருக்கி முடித்ததும் நாலு காலையும் டேப்புக்கு நேராகத் திருப்பி வைப்பாள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வரவில்லை. ஞாயிறு காலை பெரிய மகள் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, அந்த நாற்காலியில் ஒரு பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். போன் செய்தால், "சின்னவ வீட்டுல இருக்கேன் மாப்பிள்ளை, இங்கேயே வந்துடுங்களேன்" என்றார். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனிலேயே நன்றாகக் கேட்டது என்பதுதான் கொடுமை.

போனார்கள். கூடம் நீளமானது. ஒரு கோடியில் இரண்டு தூண்கள், எதிரே வெகு தூரத்தில் சோபா, சோபாவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜை, அதற்கும் பின்னால் அடுப்பங்கரை வாசல். தூண்களில் சின்னச் சின்னக் கூம்புகள் கீழிருந்து மேல்வரை ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்திலேயே உச்சக்குரலுக்காக ஒரு மெல்லிய பட்டை, அதுவும் கீழிருந்து மேல்வரை. பார்க்க அழகாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

"வாங்க அண்ணே, வாங்க அண்ணே" என்று டைல்ஸ்காரன் ஓடி வந்தான். வந்தவன் பாட்டைப் போட்டுவிட்டு ஓர் இடத்தில் நின்றானா? கூடம் முழுக்க நடந்து காட்டினான். நாற்காலியில் ஏறி நின்று காட்டினான். கடைசியில் தன் கடை ஓடு பதித்த தரையில் மல்லாந்து படுத்தே விட்டான். "படுத்துக் கேட்டாலும் அதே சத்தம்தான் அண்ணே. அங்க போய்ப் பாருங்க, மேஜைகிட்ட. அங்கயும் அதேதான்."

மாமனார் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தார். "எதுக்கு இத்தனை குட்டி ஸ்பீக்கர்? ஒரு பெரிசு போதாதா?" என்று கேட்டார்.

"அண்ணனைக் கேளுங்க மாமா. எனக்கு என்ன தெரியும்?" என்றான் டைல்ஸ்காரன், தரையில் படுத்தபடியே.

கேட்டால் சொல்லாமல் இருக்கக் காதுக்காரரால் முடியாது, தொழில் அப்படி. எதிரியின் பெருமையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. "நம்ம வீட்டுப் பெட்டி இருக்கே மாமா, அது சத்தத்தை எல்லாப் பக்கமும் விரிச்சு விடும். மேல போறது கூரையில அடிச்சுத் திரும்பும், கீழ போறது தரையில அடிச்சுத் திரும்பும். தள்ளிப் போகப் போகச் சீக்கிரம் தேஞ்சிடும். இதுல எல்லாம் ஒரே கோடா நிக்குறதால சத்தம் மேலயும் கீழயும் சிதறாது. முன்னாடியும் பக்கவாட்டுலயும்தான் போகும். அதனால தூரத்துலயும் அவ்வளவா குறையாது."

"அப்ப நல்லதுதானே?"

"மைதானத்துக்கு நல்லது. வீட்டுக்குள்ள கிட்ட உக்காந்தா ஒவ்வொரு குட்டி ஸ்பீக்கரும் ஒவ்வொரு தூரம். மெல்லிசான சத்தமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக் கலங்கிடும். அதுவும் இல்லாம, பாடுறவங்க கதவு உயரத்துக்கு வாயைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு."

"நாங்க யாரும் கிட்ட உக்கார்றதே இல்லையே அண்ணே" என்றான் டைல்ஸ்காரன். குத்தலாகச் சொல்லியிருந்தால் காதுக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நிஜமாகவே சொன்னான்.

மாமியார் மேஜையருகில் துணி மடித்துக்கொண்டே பாட்டோடு சேர்ந்து முனகினார். மச்சினிச்சி பிஸ்கட் தட்டோடு குறுக்கே போனாள், பாட்டு அசையவில்லை. அடுப்பங்கரை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள், தலையை லேசாகச் சாய்த்து. அந்த மூச்சு வருகிற இடத்தில் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். காதில் புகை வருவது என்று சொல்வார்களே, குடும்பத்திலேயே அதற்குப் பொருத்தமான காது அவருடையதுதான்.

"கண்ணால பார்த்துக்கிட்டுக் கேட்டா கண்ணுதான் கேக்கும், காது கேக்காது" என்றார் திடீரென்று. "பெரிசா நிக்குதுன்னா பெரிசாத்தான் கேக்கும். திரை போட்டு மறைச்சு, எது எதுன்னு தெரியாம கேட்டாத்தான் உண்மை. அடுத்த வாரம் நம்ம பெட்டியை இங்க கொண்டாரேன். வச்சுப் பார்ப்போம்."

"அய்யோ, நல்லா இருக்குமே" என்று டைல்ஸ்காரன் எழுந்து உட்கார்ந்தான்.

அந்த வாரம் முழுக்கக் காதுக்காரருக்கு அதே நினைப்புதான். அவருக்கு வேண்டியது டைல்ஸ்காரன் தோற்பதுகூட இல்லை. மனைவியின் தோள்பக்கம் நின்ற அந்தப் பாடகி அங்கிருந்து கிளம்பி அவர் வீட்டுக்கு வர வேண்டும். மனைவி வாயால், எல்லார் முன்னாலும், நம்ம பெட்டிதான் நல்லா இருக்கு என்று வர வேண்டும். அது வராவிட்டால் காது மாப்பிள்ளை என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டார். மனைவி முன்சீட்டில் இரும்புக் கால்களை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே மச்சினிச்சி சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, மெல்லிய திரைத்துணியைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தாள். திரைக்குப் பின்னால் தூண்களுக்கு நடுவில் பெட்டிகளை வைத்தார் காதுக்காரர். ஷோரூமிலிருந்து இரவல் வாங்கிய மாற்றுச்சுவிட்சும் வந்திருந்தது; ஒரு பக்கம் தட்டினால் பெட்டி பாடும், மறுபக்கம் தட்டினால் தூண் பாடும். இரண்டுக்கும் தனித்தனியே சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ்.

"எல்லாம் நீங்களே செட் பண்ணுங்க அண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு டைல்ஸ்காரன் திரைக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் பாட வேண்டும். இல்லையென்றால், கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடியதை மனுஷக் காது சத்தம் கூடியது என்று சொல்லாது. தெளிவாக இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று சொல்லும். இந்த ரகசியம் டெமோ அறையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். எதை விற்க வேண்டுமோ அதன் குமிழ் ஒரு மயிரிழை கூடுதலாக நிற்கும். காதுக்காரர் சத்தம் அளக்கிற மீட்டரை எடுத்தார். கடையில் எப்போதும் செய்வது போல ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கை நீளத்தில் நீட்டிப் பிடித்தார். தூணை அளந்தார். பெட்டியை அளந்தார். பெட்டியின் குமிழை ஒரு மயிரிழை கூட்டினார். மனசாட்சி லேசாகக் கிள்ளியது. ஈயை விரட்டுவது போல விரட்டிவிட்டார்.

மாமனார்தான் நடுவர். எல்லாரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "நீயும் வந்து உக்காரு" என்று காதுக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். "நான் இங்கேயே நிக்கிறேன், அடுப்புல தண்ணி வச்சிருக்கு" என்று அவள் வாசலிலேயே நின்றாள். காதுக்காரர் திரையருகில், சுவிட்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். டெமோ காட்டுகிறவர் இடம் எப்போதும் அதுதான்.

"இது ஒண்ணு" என்று சொல்லிப் பெட்டியைப் பாடவிட்டார். "இது ரெண்டு" என்று தூணுக்கு மாற்றினார். மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. ஆகா, அவர் பெட்டி ஜொலித்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் பாடகி துலக்கி வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தாள். தூண் பக்கத்துக்குப் போனால், அவர் சொன்னபடியே, எல்லாம் கொஞ்சம் கலங்கல். அவருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு" என்றார் மாமனார்.

"ரெண்டுதான்" என்றார் மாமியார். "ஒண்ணுல பாட்டு எங்கேயோ பக்கத்து வீட்டுல கேக்குற மாதிரி இருக்கு. ரெண்டுல வார்த்தை புரியுது."

"ரெண்டு, அத்தான்" என்றாள் மச்சினிச்சி.

டைல்ஸ்காரன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அண்ணே. எனக்கு வித்தியாசமே தெரியல."

"ஒண்ணு" என்றது அடுப்பங்கரை வாசல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே மறுபடி சொன்னாள். "எனக்கு ஒண்ணுதான். தயங்கவே வேண்டாம்."

மற்ற மூன்று பேரும் கூட்டாகச் சேர்ந்து வீழ்த்திய காதுக்காரரை ஒரே வார்த்தையால் அவள் தூக்கி நிறுத்திவிட்டாள். ஆனால் எப்படி மூன்று பேரும்? அவர் சுவிட்சைப் பெட்டிப் பக்கம் தட்டிவிட்டு எழுந்து, பாட்டை ஓடவிட்டபடியே, சோபாவை நோக்கி நடந்தார். பெட்டி பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பாடகி தேய்ந்துகொண்டே வந்தாள். சோபாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் அங்கேயே, திரையருகிலேயே, நின்றுவிட்டிருந்தாள். டைல்ஸ்காரனிடம் சுவிட்சைத் தட்டச் சொன்னார். தூண் பாடியது. அவள் நேராகக் கூடம் முழுக்க வந்து நின்றாள்.

புரிந்துவிட்டது. டெமோ அறை சின்னது. கை நீளத்தில் அளந்தாலும் சோபாவில் அளந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இது நீளக் கூடம். கை நீளத்தில் மயிரிழை கூடுதலாக நின்ற பெட்டி, சோபாவுக்கு வருவதற்குள் தூணைவிட எவ்வளவோ இறங்கிவிட்டது. போன வாரம்தான் மாமனாருக்குத் தன் வாயாலேயே பாடம் எடுத்தார், சீக்கிரம் தேஞ்சிடும் என்று. அந்தப் பாடத்தை மறந்துவிட்டுத் திருட்டு வேலை பார்த்தார். திருட்டையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிந்ததா? சுவிட்சுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் மட்டும் ஜெயித்துக்கொண்டிருந்தார். அளவு தப்பு என்று இப்போது சொன்னால் குமிழைத் தொட்டதையும் சொல்ல வேண்டி வரும். வாயை மூடிக்கொண்டார்.

திரையை இறக்கினார்கள். எது ஒன்று, எது இரண்டு என்று தெரிந்ததும் கூடத்தில் யாரும் கைகொட்டவில்லை. மாமனார் தன் வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"ஒரு விஷயம் கேக்கணும் தம்பி" என்றார் காதுக்காரர், பெட்டியின் ஒயரைச் சுருட்டியபடி. "வாங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

டைல்ஸ்காரன் சங்கடப்பட்டான். "கேக்கணும்னுதான் இருந்தேன் அண்ணே. உங்ககிட்ட கேட்டா முதல்ல நாற்காலியை எங்க போடப் போறேன்னு கேப்பீங்க. எங்க வீட்டுல யாரு அண்ணே ஒரே இடத்துல உக்கார்றாங்க? எல்லாரும் நடந்துக்கிட்டே இருக்கோம். அதைச் சொன்னா உங்களுக்குக் கோபம் வருமோன்னு பயம்."

கோபம் வந்திருக்கும் என்பது காதுக்காரருக்கே தெரியும். சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

திரும்பி வரும்போது சாயங்கால வெயில் கார்க் கண்ணாடியில் அடித்தது. பின்சீட்டில் பெட்டிகள் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தன. தோற்ற வலி ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். ஆனால் மடியில் கட்டிய காசு மாதிரி அந்த ஒரு ஓட்டு அவரிடம் இருந்தது. நல்ல காது வீட்டில் ஒன்று இருக்கிறது. கலங்கலுக்கும் தெளிவுக்கும் வித்தியாசம் தெரிந்த காது. அவ்வளவு தள்ளி நின்றும் கண்டுபிடித்திருக்கிறாள். இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் செய்ததன் பலன் அது. அந்தக் காசை வெளியே எடுத்து ஒருதரம் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"எதை வச்சு ஒண்ணுன்னு சொன்ன?"

"சும்மாதான்."

"சும்மா இல்ல. தயங்கவே வேண்டாம்னு சொன்னியே. எதைக் கேட்ட? குரல் நடுவுல நின்னுச்சா? மூச்சா?"

அவள் இரும்புக் கால்களை மடியில் சரிசெய்துகொண்டாள். ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"நான் நின்ன இடத்துல ஒண்ணு மங்கலா கேட்டுச்சு. ரெண்டு நல்லா கேட்டுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு ஒண்ணுதான் நம்மளோடதுன்னு. நம்ம வீட்டுல எனக்கு எப்பவும் அப்படித்தானே கேக்குது? அதான் ஒண்ணுன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் நான்கூட உங்களை விட்டுக்குடுத்தா எப்படி?"

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். காதுக்காரருக்கு அது கேட்கவில்லை. அவள்தான் முழங்கையால் இடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பெட்டிகளை அவற்றின் இடத்தில் வைத்தார். ஒயரை மாட்டினார். அவள் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக் கொண்டுவந்து, குனிந்து, நாலு காலையும் டேப்புக்கு நேராக வைத்தாள். அதை அவர் அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தார். எத்தனை வருஷமாகப் பெருக்கி, நகர்த்தி, திருப்பி வைத்திருப்பாள்? அதில் உட்கார்ந்து அவள் ஒரு பாட்டைக் கேட்டதாக அவர் நினைவில் இல்லை. முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கையைப் பிடித்து உட்காரவைத்தவர். மாமனாருக்கும் ஞாயிறுதோறும் ஒரு பாட்டு உண்டு. இவளை உட்காரச் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

"உக்காரு" என்றார்.

"பால் வச்சிருக்கேன், டீ போடணும்."

"நான் பாத்துக்கிறேன். நீ உக்காரு."

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள், வேறு யார் வீட்டிலோ உட்கார்வது போல. நாற்காலி அவர் உயரத்துக்கு வைத்தது. அவள் காது உச்சக்குரல் குமிழுக்குக் கீழே நின்றது. அவர் உள்ளே போய்ப் படுக்கையிலிருந்து ஒரு மெத்தைத் தலையணையை எடுத்து வந்து அவளுக்கு அடியில் வைத்தார். ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். பாட்டைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது. கிட்டார் போர்வைக்குள் இருந்தது. குரல் இருந்தது, வார்த்தை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ பேசுகிற மாதிரி ஒரு முனகல். இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அவள் தினமும் சமைத்தாள், பாத்திரம் துலக்கினாள், இங்கே நின்றுதான் "நல்லா இருக்குல்ல?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்குங்க" என்றாள். அவருக்குக் கண்ணைக் கரித்தது. அடுப்பின் சூடு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவள் இப்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"இப்ப வரும் பாரு, ரெண்டாவது வரிக்கு முன்னாடி" என்றார்.

"பேசாதீங்க. பால் பொங்குதான்னு பாருங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

முதல் வரி முடிந்தது. காது மாப்பிள்ளை மூச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் நின்ற இடத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அது வந்து போனது என்று தெரிந்துகொண்டார். டைல்ஸ்காரன்மேல்கூட அவருக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.